கையெழுத்துப் போட்டவள் கேட்கிறேன்

2021 ஜனவரி 7 விடியற்காலையில், 2020 ஜனாதிபதி தேர்தலில் பென்சில்வேனியா மாநிலம் அளித்த ஓட்டுகளை ஏற்கக் கூடாது என்று அமெரிக்க காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையில் வாக்களித்த எட்டு பென்சில்வேனியப் பிரதிநிதிகளுக்கு:

உங்களில் ஏழு பேர் இன்னமும் அதே சபையில் இருக்கிறீர்கள். ஒருவருடைய தொகுதியில்தான் என் வீடு. அங்கே ஒரு தீயணைப்பு நிலையக் கூடத்தில் அமையும் வாக்குச்சாவடியில் 2016 முதல் வேலை பார்க்கிறேன். இந்த மடலின் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகங்களுக்குத் தபாலில் வரும். தமிழிலும் எழுதக் காரணம், இந்த மாநிலத்தில் ஓட்டுப் போடும் தமிழர்கள் பலர் "அதெல்லாம் முடிந்த கதை, விடுங்கள்" என்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

எனக்கு அது முடிந்த கதையாகத் தெரியவில்லை. சமீபத்தில் சாவடி ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். நான் முதல்முதலில் போனபோது இயந்திரத்தின் சீல் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, தபால் ஓட்டு வாங்கியவர் நேரிலும் வந்து நின்றால் என்ன செய்வது, சாப்பாட்டுக்கு யார் எப்போது எழுந்து போவது, இவ்வளவுதான் பாடம். இந்தத் தடவை கூடவே அரைமணி நேரம் வேறு பாடம். யாராவது கத்த ஆரம்பித்தால் எவ்வளவு தள்ளி நிற்பது, அவசர எண் 911ஐ யார் அழைப்பது, பின்கதவு திறக்கிறதா என்று காலையிலேயே பார்த்துவைப்பது. எனக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். "பின்கதவு" என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டார். இந்த மடலை எழுதுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

என் பொறுப்பின் பெயர் மைனாரிட்டி இன்ஸ்பெக்டர். உங்களுக்குத் தெரியும், தமிழ் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: என் தோல் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு தேர்தல் நீதிபதி, இரண்டு இன்ஸ்பெக்டர்கள். இன்ஸ்பெக்டர் தேர்தலில் ஒரு வாக்காளர் ஒருவருக்கு மட்டுமே ஓட்டுப் போட முடியும். முதல் இரண்டு இடத்தில் வரும் இருவருமே பொறுப்புக்கு வருவார்கள். அதனால் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு கட்சியாக இருப்பார்கள். ஒருவரை ஒருவர் நம்பாமல் இருக்கட்டும் என்றே செய்த ஏற்பாடு இது. எங்கள் ஊரில் உங்கள் குடியரசுக் கட்சிக்காரர்கள்தான் அதிகம். நான் ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்தவள். யாரும் போட்டியிடாமல் காலியாகக் கிடந்த இடத்துக்கு என்னை நியமித்தார்கள்.

என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியர். தேர்தல் வந்தால் டியூட்டியும் வந்துவிடும். முதல்நாளே பெட்டியோடு லாரியில் ஏறிப் போவார், மறுநாள் நள்ளிரவு தாண்டி அரக்கு வாசனையோடு வீடு திரும்புவார். கட்சி ஏஜென்டுகள் நாள் முழுக்க அவரை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்களாம். "முறைக்கட்டும், அதுக்குத்தானே அவங்க இருக்காங்க" என்பார். கடைசியில் பெட்டிக்குச் சீல் வைக்கும்போது அந்த ஏஜென்டுகளும் கூடவே நிற்பார்கள். குடியுரிமை கிடைத்த பிறகு நான் சாவடி வேலைக்குப் பெயர் கொடுத்ததற்கு வேறு பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. வீட்டில் பார்த்துப் பழகிய வேலையாகத் தோன்றியது.

2020 நவம்பர் 3 அன்று காலை ஆறு மணிக்கு முகக்கவசத்தோடு கூடத்துக்குள் நுழைந்தோம். இயந்திரத்தில் ஒரு ஓட்டும் இல்லை என்று காட்டும் பூஜ்ஜியச் சுருளை எடுத்து எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். ஏழு மணிக்குக் கதவு திறந்தபோது வரிசை வாகன நிறுத்துமிடத்தைச் சுற்றி நின்றது. இரவு எட்டு மணிக்குக் கதவை மூடிவிட்டு, கையெழுத்துப் போட்ட வாக்காளர் எண்ணிக்கையையும் இயந்திரம் வாங்கிய சீட்டு எண்ணிக்கையையும் ஒப்பிட்டோம். ஒன்று உதைத்தது. ஒரே ஒரு சீட்டு. எங்கள் தேர்தல் நீதிபதி, எழுபதைத் தாண்டிய அம்மாள், உங்கள் கட்சிக்காரர், யாரையும் வீட்டுக்குப் போக விடவில்லை. நாற்பது நிமிடம் தேடினோம். மதியம் ஒருவர் தவறாக நிரப்பிவிட்டு வேறு சீட்டு கேட்டிருந்தார். பாழான அந்தச் சீட்டு உறைக்குள் இருந்தது, பதிவேட்டில் மட்டும் ஏறவில்லை. அதை எழுதிய பிறகுதான் அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

அப்புறம் முடிவுச் சுருளை எடுத்தோம். மளிகைக்கடை ரசீது மாதிரி நீளமாக வரும். மேலே ஜனாதிபதி. அதற்குக் கீழே மாநில அட்டர்னி ஜெனரல், தணிக்கையாளர், பொருளாளர். அதற்கும் கீழே காங்கிரஸ். எங்கள் சாவடியில் டிரம்ப் ஜெயித்திருந்தார். அவருக்கு நாலு அங்குலம் கீழே உங்களில் ஒருவர் ஜெயித்திருந்தார். நான் எதிர்க்கட்சிக்காரி, இரண்டும் எனக்குப் பிடிக்காத முடிவு. கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதியைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தோம்.

மாநிலம் முழுக்க 67 கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், இப்படித்தான் நடந்தது. கூட்டிப் பார்த்ததில் பைடன் 80,555 ஓட்டு வித்தியாசத்தில் முன்னால் இருந்தார். அதே சீட்டுகளில், அதே இயந்திரங்களில், தணிக்கையாளராகவும் பொருளாளராகவும் குடியரசுக் கட்சிக்காரர்களான டிமோதி டிஃபோரும் ஸ்டேசி காரிட்டியும் ஜெயித்தார்கள். அதுவரை ஜனநாயகக் கட்சியிடம் இருந்த பதவிகள் அவை. நீங்கள் எட்டு பேரும் ஜெயித்தீர்கள். சீட்டின் மேல் வரியை மட்டும் திருடிவிட்டு, அதற்குக் கீழே உங்கள் கட்சிக்கு இரண்டு மாநிலப் பதவிகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிற திருடன் எந்த ஊரில் இருக்கிறான்? நாலு அங்குலம் கீழே வந்தால் உண்மை, மேலே போனால் மோசடி என்று எந்தச் சுருளையும் நான் படித்ததில்லை.

"இரவில் திடீரென்று ஓட்டு ஏறியது" என்று உங்கள் தரப்பில் பல மாதம் பேசினார்கள். ஏன் ஏறியது என்று இந்த மாநிலத்து உறுப்பினர்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. காரணமில்லாமலே தபாலில் ஓட்டுப் போடலாம் என்ற சட்டம் 2019இல் வந்தது. அப்போது மாநிலத்தின் இரண்டு சபைகளிலும் உங்கள் கட்சிக்குத்தான் பெரும்பான்மை. தபாலில் வரும் உறையைத் தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன்னால் பிரிக்கவே கூடாது என்பதும் நம் சட்டம்தான். முன்கூட்டியே பிரிக்க அனுமதி கொடுங்கள் என்று கவுண்டி அதிகாரிகள் 2020 முழுக்கக் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. சுமார் 26 லட்சம் தபால் ஓட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு உறை. பிரித்து, நிமிர்த்தி, இயந்திரத்தில் விட நாள்கணக்கில் ஆகாமல் என்ன செய்யும்? டிரம்ப் தன் ஆட்களை நேரில் போய்ப் போடச் சொன்னார், நேரில் போட்டது முதலில் எண்ணப்பட்டது. ஒரு கல்யாண மண்டபத்தில் மொய் எண்ணியவருக்குக்கூடப் புரிகிற கணக்கு இது.

உங்கள் வாதத்தில் கொஞ்சம் வலுவானதையும் எடுத்துக்கொள்கிறேன். "நாங்கள் மோசடி என்று சொல்லவில்லை, நடைமுறை மாறியதைத்தான் ஆட்சேபித்தோம்" என்று பிறகு சொன்னீர்கள். தபால் ஓட்டு வந்து சேர மாநில உச்ச நீதிமன்றம் மூன்று நாள் கூடுதல் கொடுத்தது உண்மை. அப்படி வந்தவை சுமார் 10,000. அவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் தோற்றவர் கணக்கிலேயே சேர்த்திருந்தாலும் 80,555ஐத் தொடாது. 2019 சட்டமே செல்லாது என்று உங்களில் ஒருவர் வழக்குப் போட்டார். எப்போது? அந்தச் சட்டப்படி நடந்த தேர்தலில் தானும் ஜெயித்த பிறகு. இத்தனை தாமதமாக வந்தால் எப்படி என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

டிரம்ப் தரப்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி, ஃபிலடெல்ஃபியாவில் ஒரு தோட்டப் பராமரிப்புக் கடையின் பின்பக்கம் மைக் முன்னால் நின்று மோசடி மோசடி என்றார். பத்து நாள் கழித்து வில்லியம்ஸ்போர்ட் நீதிமன்றத்தில் நீதிபதி கேட்டபோது "இது மோசடி வழக்கு இல்லை" என்று அவரே ஒப்புக்கொண்டார். மைக் முன்னால் சொல்லும் பொய்க்குத் தண்டனை கிடையாது, நீதிபதி முன்னால் சொன்னால் உண்டு. வித்தியாசம் அவ்வளவுதான். மேல்முறையீட்டில் தீர்ப்பு எழுதிய ஸ்டெஃபனோஸ் பிபாஸ், டிரம்ப் நியமித்த நீதிபதி. தேர்தல் நியாயமற்றது என்று சொல்லிவிட்டால் அது நியாயமற்றதாக ஆகிவிடாது, குறிப்பான குற்றச்சாட்டு வேண்டும், பிறகு ஆதாரம் வேண்டும், இங்கே இரண்டுமே இல்லை என்று எழுதினார். அது நவம்பர் 27. டிசம்பர் 1 அன்று டிரம்பின் அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார், முடிவை மாற்றக்கூடிய அளவுக்கு எந்த மோசடியும் காணவில்லை என்றார். நீங்கள் வாக்களித்தது ஜனவரியில். தெரியாமல் செய்தோம் என்று சொல்ல இடமே இல்லை.

அந்த இரவு நான் தூங்கவில்லை. ஜனவரி 6 மதியம், காங்கிரஸ் கட்டடமான கேபிடலில் நீங்கள் அரிசோனா மாநில ஓட்டுகள் மீதான ஆட்சேபத்தைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் டிரம்ப் ஆதரவாளர்களின் கும்பல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. சுமார் 140 போலீஸ்காரர்கள் காயப்பட்டார்கள். உங்களையும்தான் பாதாள வழியாகக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். இனிமேல் போதும் என்று நிறுத்திவிடுவீர்கள் என்று நினைத்தேன். நள்ளிரவுக்கு மேல் பென்சில்வேனியாவின் பெயர் வந்தது. ஆட்சேபத்துக்கு ஆதரவாக 138, எதிராக 282. மாநிலத்திலிருந்து வந்த ஒன்பது குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் ஒரே ஒருவர் எதிர்த்து வாக்களித்தார். மற்ற எட்டும் நீங்கள். என் சமையலறையில் மணி மூன்றைத் தாண்டியிருந்தது. நான் கையெழுத்துப் போட்ட சுருளை, உடைந்த கண்ணாடியைக் கூட்டிப் பெருக்கிய கையோடு, பொய் என்று சொல்லிவிட்டீர்கள். அதே சுருள் கொடுத்த பதவியில் உட்கார்ந்துகொண்டு.

எங்கள் நீதிபதி அம்மாளுக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். முப்பது வருடத்துக்கும் மேல் அந்த வேலையைச் செய்தவர். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் ஆசான். அந்தக் குளிர்காலத்தில் தேவாலயத்து வாசலில், இருபது வருடமாகத் தெரிந்த ஒருவர் அவரிடம், "உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "நூற்று இருபது டாலர், கவுண்டி செக்" என்றாராம். கேட்டவர் சிரிக்கவில்லை. அடுத்த தேர்தலுக்கு முன்னால் ஒரு காலணிப் பெட்டியில் தன் பேனா, பூதக்கண்ணாடி, ஸ்டிக்கர் உருளை எல்லாம் போட்டு என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். நாற்காலி இப்போது ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டிருக்கிறது. நிலைத்து உட்கார ஆள் கிடைக்கவில்லை.

எங்களுக்கு நடந்தது சிறியது. ஜார்ஜியாவில் தேர்தல் ஊழியர்களான ரூபி ஃப்ரீமேனுக்கும் அவர் மகள் ஷே மாஸுக்கும் நடந்ததை நாடே பார்த்தது. ஓட்டு எண்ணும் இடத்தில் அம்மா மகள் கையில் எதையோ கொடுத்தார். ஹெராயின், கொக்கெயின் புட்டி கைமாறுவதைப் போல யு.எஸ்.பி. கைமாறியது என்று ஜூலியானி அந்த மாநிலச் சட்டமன்றக் குழு முன்னால் சொன்னார். அது இஞ்சி மிட்டாய். மாஸ் 2022இல் காங்கிரஸின் ஜனவரி 6 விசாரணைக் குழு முன்னால் அதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது, ஏனென்றால் என் பையில் எப்போதும் இஞ்சி மரப்பா இருக்கும். பதினைந்து மணி நேரம் பேசும் தொண்டைக்கு அதுதான் மருந்து. நீதிபதி அம்மாளுக்கும் நான்தான் பழக்கிவிட்டேன். எத்தனை தடவை மேசைக்கு மேலேயே கைமாற்றியிருப்போம்! 2023 டிசம்பரில் ஜூரி, அந்த இருவருக்கும் 14.8 கோடி டாலர் தரும்படி ஜூலியானியிடம் சொன்னது. அப்புறமும் அவர்கள் பழைய வாழ்க்கைக்குத் திரும்பவில்லை.

2024க்கு வருகிறேன். அந்த நவம்பர் 5 அன்று மாலை, ஃபிலடெல்ஃபியாவில் பெரிய அளவில் ஏமாற்று நடக்கிறது என்று பேச்சு என டிரம்ப் பதிவிட்டார். நகரத்தின் தேர்தல் ஆணையர்களில் இருந்த குடியரசுக் கட்சிக்காரரே உடனே மறுத்தார். இரவில் டிரம்ப் இந்த மாநிலத்தில் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ஓட்டில் முன்னால் வந்தார். ஏமாற்று எங்கே போனது? அதே 2019 சட்டம், அதே காலை ஏழு மணி விதி, எங்கள் சாவடியில் அதே இயந்திரம். 2025 ஜனவரி 6 அன்று, தோற்ற கமலா ஹாரிஸ் துணை ஜனாதிபதி என்ற முறையில் காங்கிரஸ் மேடையில் நின்று தன் தோல்வியைத் தானே அறிவித்தார். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. நீங்களும் ஆட்சேபிக்கவில்லை, எங்கள் கட்சியிலும் யாரும் ஆட்சேபிக்கவில்லை. எனக்கு அந்த முடிவு வயிற்றைக் கலக்கியது. இருந்தாலும் என் கையெழுத்து அதிலும் இருக்கிறது.

என் கட்சி யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 2005 ஜனவரியில் ஒஹாயோவின் ஓட்டுகளை எதிர்த்து 31 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். நான் அதையும் தப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் அப்போது தோற்ற ஜான் கெரி தேர்தலுக்கு மறுநாளே தோல்வியை ஒப்புக்கொண்டிருந்தார், யாரும் கதவை உடைக்கவில்லை. மகனுக்கு மன்னிப்புத் தரமாட்டேன் என்று சொல்லிவந்த பைடன் 2024 டிசம்பரில் கொடுத்தார். அதைப் பொய் என்று என் கட்சிக் கூட்டத்திலேயே எழுந்து சொன்னேன். கைதட்டல் எதுவும் கிடைக்கவில்லை, காபி மட்டும் கிடைத்தது.

பொய் அதோடு நிற்கவில்லை. 2025 ஜனவரி 20 அன்று, கேபிடல் தாக்குதல் வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு டிரம்பின் ஒரே கையெழுத்தில் மன்னிப்பு. அவர்களைத் தடுத்த போலீஸ்காரர்களின் நினைவாகக் கேபிடலின் மேற்கு முகப்பில் ஒரு பலகை வைக்க 2022 மார்ச்சில் நீங்கள் இருக்கும் காங்கிரஸ்தான் சட்டம் போட்டது. கெடு ஒரு வருடம். ஐந்தாம் ஆண்டு நிறைவான 2026 ஜனவரி 6 அன்றும் அது அங்கே இல்லை. ஒரு பலகைக்குக் கெடுவுக்குள் ஆணி அடிக்க முடியாத சபை, வாக்காளர் பட்டியலைச் சுத்தம் செய்ய மட்டும் வேகமாக இருக்கிறது. பதிவு செய்யும்போதே குடியுரிமை ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்ற மசோதாவை 2025 ஏப்ரலில் 220க்கு 208 என்று நிறைவேற்றினீர்கள். குடிமகன் அல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவது ஏற்கெனவே குற்றம். என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரே எழுத்து. கடவுச்சீட்டில் அதுவே முழுப்பெயராக விரிந்து குடும்பப் பெயராகிவிட்டது. ஓட்டுநர் உரிமத்தில் கணவர் பெயர். எந்தத் தமிழ்ப் பெண்ணிடம் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வாள். மூன்று காகிதத்தில் மூன்று பேராக இருக்கும் எங்களைப் போன்றவர்கள்தான் அந்த வரிசையில் தடுக்கி விழப்போகிறோம்.

சரி, நான் கேட்பவை இவை. 2020இல் பென்சில்வேனியாவின் எண்ணிக்கை சரியானது, பைடன் ஜெயித்தார் என்று சபையில் எழுந்து, பதிவேட்டில் ஏறும்படி ஒரு வாக்கியம் சொல்லுங்கள். "சான்றளிக்கப்பட்டது", "பதவியேற்றார்" என்று சுற்றி வளைக்க வேண்டாம். "ஜெயித்தார்" என்ற சொல் வேண்டும். மன்னிப்பு கேட்கச் சொல்லவில்லை. எங்கள் நீதிபதி அம்மாள் இன்னும் இருக்கிறார், செய்தி பார்க்கிறார்.

சட்டம் சொன்ன அதே மேற்கு முகப்பில் அந்தப் பலகை நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று உங்கள் சபைத் தலைமைக்கு எழுதுங்கள், எழுதியதை வெளியிடுங்கள்.

தபால் உறைகளை ஒரு வாரம் முன்பே பிரிக்க அனுமதிக்கும்படி மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்கில் இருக்கும் உங்கள் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசுங்கள். அது மாநில விஷயம், எங்கள் கையில் இல்லை என்று சொல்லாதீர்கள். 2021 ஜனவரியில் மாநில விஷயத்தில் நன்றாகவே கை வைத்தீர்கள்.

2026 நவம்பர் 3 தேர்தலில், சட்டப்படி சான்றளித்த முடிவு எதுவாக இருந்தாலும் ஏற்பேன் என்று இப்போதே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் தோல்வியாக இருந்தாலும். உங்கள் கட்சி சபையை இழந்தாலும்.

அன்றிரவு எட்டு மணிக்கு, உங்களில் போட்டியிடுகிறவர்கள், தொகுதியில் ஏதாவது ஒரு சாவடிக்கு வாருங்கள். வேட்பாளரோ அவருடைய ஏஜென்டோ எண்ணும்போது நிற்கலாம் என்று உங்களுக்கே தெரியும். பூஜ்ஜியச் சுருளையும் முடிவுச் சுருளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சீட்டு உதைத்தால் கிடைக்கும் வரை எங்களோடு உட்காருங்கள். கேள்வி கேளுங்கள், முறையுங்கள், அதற்குத்தான் அந்த இடம்.

பதிலை அக்டோபர் முடிவதற்குள் அனுப்புங்கள். ஆங்கிலம் போதும். ஒவ்வொரு கேள்விக்கும் ஆம் அல்லது இல்லை, கீழே கையெழுத்து.

இப்படிக்கு,
மைனாரிட்டி இன்ஸ்பெக்டர்,
தீயணைப்பு நிலையச் சாவடி